மல்லிகா தட்டிப் பார்த்த கதவுகள்

சித்தூரிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். பஸ் புத்தலப்பட்டைத் தாண்டும்போது மல்லிகாவின் கணவர் போனில் அழைத்தார். "அண்ணா, மல்லிகா நம்மள வுட்டுட்டு பூட்டாண்ணா" என்றார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நம் திருப்பதி அலுவலகத்தில் மல்லிகாவோடு இருந்த உங்களுக்கு அவரைத் தெரியும். நகரி நெசவுக் குடும்பத்துப் பெண். ஒரு மருத்துவமனைக்காக நாம் நடத்தும் இணையதளத்துக்கு நான் நிரல் எழுதுவேன். சோதிக்கிறேன் என்று அதை அவர் உடைப்பார்.

முகப்பில் பாஸ்வேர்டு, பிறகு போனுக்கு ஓடிபி. இரண்டையும் தாண்டினால் அப்பாயின்ட்மென்ட், மருந்துக் கடை, லேப் ரிப்போர்ட் எல்லாம் திறக்கும். இது போதாதா என்றேன். "வாசல்ல ஒருத்தன் கேட்டுட்டான்னு உள்ள இருக்கிறவன் சும்மா குந்திக்கினு இருப்பானா? ஒரு பொண்ணோட ரிப்போர்ட்ட கண்டவன் பாத்தா நீங்க பதில் சொல்வீங்களாண்ணா?" சுருக்கென்றது எனக்கு. அப்பப்பா, என்ன பிடிவாதம்! ஒவ்வொரு சேவையும் வருவது யார் என்று தானே ஒருமுறை கேட்கும்படி மாற்றவைத்த பிறகுதான் என்னை விட்டார்.

வேலையை விட்டுப் போகிறவர்களை அவர் அனுப்பும் விதம் உங்களுக்கு மறந்திருக்காது. நாமெல்லாம் ஸ்வீட் டப்பாவைச் சுற்றி நிற்போம். போகிறவரின் கணக்கை மூடிவிட்டு, அவர் லேப்டாப்பை நீட்டுவார். "துன்னது போதும். உங்க பேர்ல ஒவ்வொண்ணா தட்டிப் பாருங்க. ஒண்ணு தொறந்தாலும் உங்கள வுடமாட்டேன்." எல்லாம் மறுத்த பிறகே சிரிப்பார். "இப்ப நிம்மதியா போய்ட்டு வாங்க" என்பார்.

காரியம் முடிந்து, அவருடைய லேப்டாப்பைக் கணவர் கொண்டுவந்து கொடுத்தார். மல்லிகாவின் கணக்கை மூடும் வேலை எனக்கு வந்தது. "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டுமே சார்" என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். எனக்கும் அதே ஆசைதான். ஆனால் ஆளில்லாத கணக்கு திறந்து கிடந்தால், அவர் சண்டை போட்டுக் காத்த ரிப்போர்ட்டுகளுக்கு யார் காவல்?

சர்வரில் மூடிவிட்டு, அவர் லேப்டாப்பிலேயே தட்டிப் பார்த்தேன். அப்பாயின்ட்மென்ட் மறுத்தது. மருந்துக் கடையும் மறுத்தது. லேப் ரிப்போர்ட் மட்டும் திறந்துகொண்டது. 'வெல்கம், மல்லிகா' என்றது. கடைசியாக வேலை செய்த அன்று அவர் அதைத் திறந்தபடியே விட்டிருந்தார்; ஏற்கெனவே உள்ளே இருந்தவரை அது மறுபடி கேட்கவில்லை.

அழுதுவிட்டேன். அந்தப் பெயரை அப்படியே விட்டுவைக்க மாட்டோமா என்றிருந்தது. அவர் இருந்திருந்தால் திட்டியிருப்பார். குறையைச் சரிசெய்து மறுபடி தட்டினேன். இம்முறை அனுமதி இல்லை என்று வந்தது.

மூடியாயிற்று என்று நம்பிவிடாமல் ஒருமுறை தட்டிப் பார்க்கும் பழக்கம், அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். வழியனுப்பும் வார்த்தையைச் சொல்லத்தான் அவர் இல்லை. லேப்டாப்பை மூடிவிட்டு நானே சொன்னேன்: "இப்ப நிம்மதியா போய்ட்டு வாம்மா."