மலையில் நான் வைத்த உப்பு

ஆட்டுக்கு உப்பு என்றால் உயிர் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பிறந்ததிலிருந்து உப்போடு கிடக்கிற எனக்கு அது நாற்பத்திரண்டாவது வயதில், செஞ்சிப் பக்கத்து மொட்டைப் பாறைமலை ஒன்றின் மேல், உச்சி வெயிலில்தான் தெரிந்தது. முட்டாள்தனத்துக்குக் கப் கொடுப்பார்கள் என்றால் எங்கள் ஊர் மரக்காணத்துக்கு ஒன்று நிச்சயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதியைக் கேட்டாலும் சிரிக்கத்தான் போகிறீர்கள், மொத்தமாகச் சிரித்துவிடுங்கள்.

பேய் பிசாசு விஷயத்தில் எனக்கு ராசியே கிடையாது. உப்பளத்தில் விடிவதற்கு முன்னால் தனியாக நடந்த இத்தனை வருஷத்தில் ஒன்றும் கண்ணில் பட்டதில்லை. ஒருநாள் இருட்டில் வெள்ளை வேட்டியோடு வரப்பில் நின்ற என்னைப் பார்த்து ஒரு மீன்காரர் மொபெட்டோடு வாய்க்காலில் இறங்கினார். எங்கள் பக்கத்தில் பேய் என்று ஒன்று இருந்தால் அது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சர்க்கரை இருக்கிறது, ஓடு என்றார் டாக்டர். அளத்து வரப்பில் ஓடினேன். தோசைக்கல் மாதிரி தட்டையான பூமி, அதில் ஐந்து கிலோமீட்டர் ஓடியதும் தலைக்கனம் ஏறிவிட்டது. பாண்டிச்சேரி ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மலையோட்டத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது முதல் ஆளாகக் கையைத் தூக்கியது நான். மலையை அதுவரை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன், அது வேறு விஷயம்.

சரி, ஒரு தடவை ஏறிப் பழகிவிடலாம் என்று துணைக்கு ஞானவேலைக் கூப்பிட்டேன். என் மனைவி விமலாவின் தம்பி, பொம்மையார்பாளையத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பன்னிரண்டு நாளில் அவனுக்குக் கல்யாணம். கிளம்பும்போது விமலா வாசலில் வழிமறித்து நின்றாள்.

"யோவ், பத்திரிகை வச்சாச்சு. எந்தம்பிய எப்படி அனுப்புறனோ அப்படியே கூட்டியாந்து வுடணும். இல்லைன்னா நீயும் வராத."

மலையோட்டக்காரர்கள் வழி தவறாமலிருக்க ரிப்பன் கட்டுவார்களாம். என்னிடம் ரிப்பன் ஏது, உப்புதான் இருந்தது. ஒரு மஞ்சள்பை நிறையக் கல் உப்பு எடுத்துக்கொண்டேன். பாதை பிரிகிற இடத்திலெல்லாம் ஒரு கை உப்பைக் குவித்து, மேலே கையை அழுத்தி வைத்துக்கொண்டே ஏறினேன். அது எங்கள் பழக்கம். சாயங்காலம் உப்பைக் குவித்ததும் உச்சியில் கை அச்சு வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவோம், யாராவது அள்ளினால் அச்சு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொருவர் கையும் ஒரு விதம். என் அச்சு ஊருக்கே தெரியும், வலது ஆள்காட்டி விரலில் பாதிதான் இருக்கும். மீதி அளத்துப் பம்பு இன்ஜின் பெல்ட்டுக்குப் போனது.

"இன்னா மாமா, மலைக்கு உப்பு பத்தலையா?" என்றான் ஞானவேல்.

"ஏம்பா, எறங்கும்போது எனக்கு ஒரு கும்புடு போடுவ பாரு."

ஓடினோம் என்று சொல்லவேண்டும், ஆனால் பாதி மலையை நான் தவழ்ந்துதான் ஏறினேன். வரும் வழியில் ஆட்டோ டயர் பஞ்சரானதால் ஏற ஆரம்பித்ததே பத்து மணிக்கு. செங்குத்துப் பாறை, காலை வைத்தால் சரளைக்கல் உருளும், புல்லெல்லாம் காய்ந்து கம்பியாக நிற்கிறது. உச்சிக்குப் போய், ஜெயித்த சந்தோஷத்தில் செல்ஃபி எடுத்து, இருந்த தண்ணீரையெல்லாம் அங்கேயே குடித்துத் தீர்த்தோம். சொன்னேனே, கப் எனக்குத்தான்.

இறங்கும்போது முதல் பிரிவில் உப்பு இல்லை. பாறையில் நக்கின மாதிரி கறுப்பாக ஓர் ஈரம், பக்கத்தில் நாலு ஆட்டுப் புழுக்கை. அடுத்ததிலும் அதே கதை. குத்துமதிப்பாக ஒரு பாதையைப் பிடித்து இறங்கினோம், அது போய் ஒரு பாறை விளிம்பில் நின்றது. கீழே பள்ளம்.

திரும்பிப் பார்த்தேன், ஞானவேல் உட்கார்ந்துவிட்டான். கேலியை எப்போது நிறுத்தினான் என்று நான் கவனிக்கவில்லை. கழுத்தைத் தொட்டேன். சுட்டது, ஆனால் காய்ந்திருந்தது. உப்பளத்துக்காரனுக்கு வெயில் பயம் கிடையாது, வெயிலில் வேர்வை நின்றுபோனால்தான் பயம். அளத்தில் ஒருவருக்கு அப்படி ஆனால் போட்டதைப் போட்டபடி நிழலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இங்கே நிழலும் இல்லை, தூக்க ஆளும் இல்லை, போனில் டவரும் இல்லை. முதுகில் மீதி உப்பு கனக்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

"மாமா, ஆட்டோவ நடு ரோட்ல நிறுத்திட்டு எங்க போனான்? எடுக்கச் சொல்லு" என்றான் அவன், பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு. எனக்குக் கல்யாணப் பத்திரிகைதான் கண்முன் வந்தது.

அப்போதுதான் பார்த்தேன். எங்களுக்கு வலப்பக்கம், இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஓர் இடுக்கு, அதன் வாயில் வெள்ளையாக ஒரு குவியல்.

"டேய், நம்ம உப்புடா!" என்று கத்திக்கொண்டே அவனை இழுத்துப் போனேன். கிட்டே போய்க் குனிந்தேன். உப்புதான், மேலே கை அச்சும் இருந்தது. ஆனால் இடது கை. சின்னக் கை. ஐந்து விரலும் முழுசாக இருந்தன.

தொட்டுப் பார்த்தேன். நான் கொண்டுபோனது காய்ந்த உப்பு. இது ஈரமாக, அப்போதுதான் பாத்தியிலிருந்து வாரியது போல விரலில் நீர் கசிந்தது. அந்த மலையில், அந்த மத்தியானத்தில்.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், எனக்கு யோசிக்க நேரமில்லை. அவன் கையை என் தோளில் போட்டுக்கொண்டு இடுக்கில் இறங்கினேன். பத்தடி போனதும் இன்னொரு குவியல், திருப்பத்தில் இன்னொன்று. ஆள் சத்தமும் இல்லை, ஆட்டுச் சத்தமும் இல்லை, என் மூச்சு மட்டும்தான். ஒவ்வொரு குவியலும் முன்னதைவிட ஈரமாக இருந்தது, வைத்த கை இப்போதுதான் எடுபட்டது போல. ஏழாவதில் அச்சுக்குள் தண்ணீர் இன்னும் தேங்கி நின்றது. அதற்குமேல் நான் குனிந்து பார்க்கவில்லை, எனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் வரிசை மாற்றிச் சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

இடுக்கு முடிந்த இடத்தில் ஒரு மணிலாக் கொல்லை, வேர்க்கடலைச் செடிக்குப் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. கொல்லையில் வேலையாக இருந்த ஓர் அம்மா ஓடிவந்து அவன் தலையில் குடம் குடமாக ஊற்றினாள்.

"எப்படிப்பா எறங்குனீங்க? அந்தச் சந்துல ஆடுகூட எறங்காதே!"

ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். குறித்த நாளில் மாப்பிள்ளைக் கோலத்தில் முழுசாக மேடையில் நின்றான் ஞானவேல். அவனுக்கு அந்த இறக்கம் எதுவுமே ஞாபகமில்லை. மலையோட்டத்துக்கு நான் போகவில்லை, குழுவில் வயிற்றுவலி என்று போட்டேன்.

விமலாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் நானும் விமலாவும் அளத்துக்குப் போனோம். முந்தின நாள் நான் குவித்து அச்சு வைத்த ஒன்பது குவியலும் அப்படியே இருந்தன, ஒரு கல் உப்பு குறையவில்லை. கடைசிக் குவியலில், என் அரை விரல் அச்சுக்குப் பக்கத்திலேயே, இன்னொரு அச்சு. சின்னது. இடது கை. சுற்றிலும் ஈரச் சேறு, அதில் எங்கள் இருவர் கால் தடம் தவிர வேறு தடம் இல்லை. இன்றைக்கும் வாரத்தில் ஒருநாள், இரண்டு நாள் அது இருக்கிறது.

அன்றைக்கு அதைக் காட்டி, "விமலா, இது எப்படி இங்க வந்துச்சு?" என்றேன்.

அவள் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"மலையில அதுக்கு உப்பு போட்டது நீ, அது மறக்குமா?"