விரல் படாத இரும்பு

வட்டவளைக் கணேசமூர்த்திக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் மூக்கு மட்டும் சிவக்கும், வாய் திறக்காது. கலியாணமான நாளிலிருந்து கொழும்புப் பக்கம் வத்தளையில் ஒரு பட்டறையில் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் பவுடர் கோட்டிங் அடித்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் ரயிலேறி வருவார். வந்த களைப்பு தீருமுன் திரும்பிப் போவார். மகள் லோஜினி தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் அவர் இல்லாத நாட்களில்தான். "இது குடும்பமா, லாட்ஜா?" என்று மனைவி சுதர்ஷினி ஒருமுறை கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து ஊர்ப் பக்கமே தொழில் தேட ஆரம்பித்தார் மனுஷன்.

பக்கத்துக் கினிகத்தேனையில் ஒரு சிங்கள முதலாளி, கிழங்கு தோண்டும் மெஷின் செய்து நுவரெலியா பக்கம் விற்கிறார். தூரிகையால் பூசிய பெயின்ட் மலைநாட்டு மழைக்கு ஒரு போகம்கூடத் தாங்காது என்பதால், இரும்பையெல்லாம் லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கணேசமூர்த்தி அவரைப் போய்ப் பார்த்து, "இங்கயே அடிச்சுக் குடுக்கிறேன் முதலாளி" என்றார். ஒரு மெஷினின் முன்மூடியைக் கையில் கொடுத்து, பௌர்ணமிப் போயா லீவன்று வந்து பார்க்கிறேன், நன்றாயிருந்தால் எல்லாம் உனக்கு, இல்லாவிட்டால் வழக்கம்போலக் கொழும்புக்கு என்று சொல்லிவிட்டார் முதலாளி. வத்தளைப் பட்டறைக்காரரும் அந்தப் போயா வரைக்கும்தான் லீவு கொடுத்திருந்தார்.

றோட்டோரத்துப் பழைய லொறி கராஜில் வேலை தொடங்கியது. துருவெடுத்துக் கழுவத் தொட்டிகள், தொங்கவிட மேலே கம்பியும் கொக்கியும், பவுடர் அடிக்கத் தடுப்பு, கடைசியில் ஆள் நுழையும் உயரத்துக்கு ஓவன். கரண்ட் ஏறிய பவுடர் வெறும் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். ஓவனுக்குள் உருகிப் படியும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் இரும்பு சுத்தமாக இருக்க வேண்டும்.

"பூசை கீசை எல்லாம் வாசலோட. கழுவுன பொருள்ல ஒரு விரல் படக்கூடாது, சொல்லிப்புட்டேன்" என்றார் கணேசமூர்த்தி.

சுதர்ஷினிக்கு மனசு வலித்தது. தேங்காய் உடைக்காமல், பொட்டு வைக்காமல் யாராவது தொழில் தொடங்குவார்களா? ஆனாலும் தலையாட்டினாள்.

முதல் தடவை மூடி பச்சைப்பசேலென்று வந்தது. நட்ட நடுவில் மட்டும் ஒரு சின்ன வட்டம், அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக. பனிமூட்டத்தின் வேலை என்று கணேசமூர்த்தி முடிவு கட்டினார். வட்டவளைப் பனி யாரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறது! சுற்றிலும் பொலித்தீன் கட்டினார், பவுடருக்குப் பக்கத்தில் பல்ப் எரியவிட்டார். மூடியைச் சுரண்டி, கழுவி, மறுபடி அடித்தார். இந்தத் தடவை மூன்று தழும்பு. பவுடர் அடிக்கும் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்தார், காற்று வரும் குழாயை மாற்றினார். அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே, "நமக்கு இது சரிவராது போல. வத்தளைக்கே போயிருறேன்" என்றார். சுதர்ஷினி தன் சோற்றுக் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டாள்.

மூன்றாம் தடவை ஓவனைத் திறந்தபோது அவளும் தேத்தண்ணியோடு வந்து நின்றாள். மூடி வெளியே வந்தது. நடுவில், முழ நீளத்துக்கு, மூன்று முனையோடு அழகாக ஒரு சூலம்.

கணேசமூர்த்தி சூலத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நான்தாங்க" என்றாள்.

"என்ன நான்தாங்க?"

"விரல் படக்கூடாதுன்னுதானே சொன்னீங்க? வெத்தலக் காம்பாலதான் வச்சேன். அம்மன் கோயில் வெளக்கு எண்ணெயில குங்குமம் கொழச்சு... நீங்க கழுவி மாட்டிட்டு ஓவன் பத்த வைக்கப் போன நேரம். திட்டுவீங்கன்னு ஒடனே முந்தானையால தொடச்சிட்டேன். உங்க கண்ணுக்குத் தெரியலன்னாலும் அம்மாளுக்குத் தெரியுமே."

"மொதத் தடவ?"

"ஒரு பொட்டு."

"ரெண்டாவது?"

"சரியா வரலயேன்னு மூணா வச்சேன். அப்பவும் சரியா வரல. அதான் இந்தத் தடவ சூலமே போட்டுட்டேன்."

அவர் மூக்கு சிவந்தது. குங்குமம் போனாலும் எண்ணெய் போகுமா? எண்ணெய் இருந்த இடத்தில் பவுடர் எப்படிப் படியும்? இவ்வளவு நாளும் பனியைத் திட்டியது வீண்.

"நீங்க போகக்கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டேன்" என்றவள் சட்டென்று விம்மினாள். "கடைசியில நானே உங்கள ரயிலேத்திவிடப் பாத்திருக்கேனே!"

மூக்கின் சிவப்பு இறங்கிவிட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவளுக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி சுரண்டி, கழுவி, கொக்கியில் மாட்டியபோது சுதர்ஷினி விளக்குமாற்றோடு வாசலில் காவல் நின்றாள். ஈ, கொசுகூட உள்ளே போகவில்லை. பெற்ற மகளையே எட்டிப் பார்க்க விடவில்லை என்றால் பாருங்களேன்.

போயா அன்று முதலாளி வந்தார். சாவியால் மூடியைக் கீறினார். சுத்தியலால் தட்டினார். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சுதர்ஷினி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஹொந்தாய், நல்லா இருக்கு மூர்த்தி" என்றார் கடைசியில். "மத்தது எல்லாம் லொறியில அனுப்பறது. நீங்களே அடிங்க."

அவர் போனதும் கணேசமூர்த்தி வத்தளைக்குப் போன் எடுத்து, இனி வரமாட்டேன் என்று சொன்னார். பட்டறைக்காரருக்கு வருத்தம்தான், ஆனாலும் வாழ்த்தினார். "அது சரி, ஒன் சாமானெல்லாம் ரூமுல கெடக்கே, எப்ப வந்து எடுக்கப் போற?" என்று கேட்டார்.

"சட்டை துணிய மட்டும் யாருக்கிட்டயாவது குடுத்து விடுங்க முதலாளி" என்றார் கணேசமூர்த்தி. "அந்தக் கட்டில வேற யாருக்காவது குடுத்துருங்க. நான் இனி வீட்டுலதான் படுப்பேன்."