நாய் தாண்டாத பலகை

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு கடற்கரையில், பங்குனி ஆமை என்கிற கடலாமையின் முட்டைகளைப் புதைத்து வைத்திருந்த வேலிக்கு உள்ளூர்க்காரர் ஒருவர்தான் காவல். வெயிலில் வெளுத்த அவருடைய காக்கிச் சட்டையில், எப்போதோ முடிந்துபோன ஒரு திட்டத்தின் முத்திரை இருந்தது. நான் புதிய திட்டத்துக்கு அறிக்கை எழுதுகிறவன். கடல்வாழ் உயிர்களின் நீண்டகாலப் பாதுகாப்புக்கு நிதி வேண்டும் என்று பக்கத்து ரிசார்ட்டில் இரண்டு நாள் ஏசியில் பேசிவிட்டு, திட்டத்தின் பெயர்ப் பலகையை நட வந்திருந்தோம். நீண்டகாலம் என்றால் எங்கள் கணக்கில் மூன்று வருடம்.

தகரப் பலகையை நட்டுப் படம் எடுத்து முடித்ததும், அவர் வந்து அதைச் சாண் போட்டு அளந்தார். எதற்கு என்றேன். வேலியைக் காட்டினார். நாய் புகாமலிருக்க, பழைய திட்டங்களின் பலகைகளை வரிசையாக நிறுத்திக் கம்பியால் கட்டியிருந்தார்.

"எங்க பலகையையுமா?"

"இப்ப இன்னா அவசரம் சார்? மூணு வருசம் ஆவட்டும். இந்த முட்டையில வர்ற குஞ்சு வளந்து முட்ட போட வர்றதுக்கு பத்துப் பதினஞ்சு வருசம் ஆவும். அதுக்குள்ள இன்னும் நாலஞ்சு பலகை வந்துடும். அடுத்த தபா கொஞ்சம் ஒசரமா செய்யச் சொல்லு சார், நாய் தாண்டிக்கினு வருது."

எங்கள் திட்டமும் முடிந்தது. அவருக்குச் சம்பளம் நின்றது. அவர் வருவது நிற்கவில்லை. இறுதி அறிக்கையில் 'திட்டத்துக்குப் பின்னும் நிலைத்திருப்பவை' என்று ஒரு கட்டம் இருந்தது. 'பலகை ஒன்று, உயரம் போதாது' என்று நிரப்பினேன். அவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.