இருபத்தைந்து வயது முகம்

இன்று கல்முனைச் சலூனில் தலையைச் சாயம் பூசக் கொடுத்துவிட்டு டீவி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தின் முன்னோட்டம். அறுபதைத் தாண்டிய கதாநாயகனை ஏஐயால் இருபத்தைந்து வயதுக்காரனாக்கியிருந்தார்கள்.

"முகத்தில ஒரு சுருக்கமில்லயே!" என்றேன்.

சாயம் பூசிக்கொண்டிருந்த, என்னை அண்ணன் முறை வைத்துக் 'காக்கா' என்றழைக்கும் றிஸ்வான் சிரித்தார்.

"ஓம், ஆனா மனிசன் எழும்புறதப் பாருங்க காக்கா. பள்ளியில கதிரை போட்டுக் குந்தித் தொழுற வயசான ஆக்கள் மாதிரி இரிக்கி."

உண்மைதான். விழுந்த கதாநாயகன் முழங்காலில் கையூன்றி, ஒரு பெருமூச்சு விட்டு எழும்பித்தான் வில்லனைத் துரத்தினார். விழுந்து விழுந்து சிரித்தேன்.

வேலை முடிந்தது. கண்ணாடியில் தலை கருகருவென்று இருந்தது. மிடுக்காக எழும்பினேன். கை தானாகவே முழங்காலுக்குப் போய்விட்டது.

"அதுக்குப் பூச என்னட்டச் சாயமில்ல காக்கா" என்றார் றிஸ்வான்.

உங்களில் யாரிடமாவது இருக்கிறதா?