மல்லாட்டைக்கு வந்த நோட்டீஸ்

2012 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதிவுத் தபாலில் எனக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுப்பியது ஓர் எண்ணெய் நிறுவனம். 'மல்லாட்டை' என்பது அவர்களே உருவாக்கிய வணிகப் பெயராம்; 2001 முதல் பாக்கெட்டில் அச்சிட்டு விற்கிறார்களாம். அந்தப் பெயரில் நான் வைத்திருக்கும் இணைய முகவரியைப் பதினைந்து நாளில் ஒப்படைக்க வேண்டுமாம்.

மூன்று முறை படித்தேன். எங்கள் திண்டிவனத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்றல்லாமல் வேறு பெயரால் கேட்டு வாங்குபவரை நான் பார்த்ததில்லை. அதை ஒருவர் உருவாக்கியதாகச் சொல்கிறார்கள்.

அந்த முகவரியை 2004இல் பதிவு செய்தேன். மழையளவு, கடலை விதைப்பு நாள், மார்க்கெட் கமிட்டிக்கு வந்த மூட்டை என்று 1993 முதல் நோட்டுகளில் எழுதி வருகிறேன். அவற்றை அங்கே ஏற்றலாம் என்று எண்ணம். ஆண்டு தவறாமல் புதுப்பித்தேன். ஒரு வரிகூட ஏற்றவில்லை.

விழுப்புரத்தில் வக்கீலாக இருக்கும் பள்ளித் தோழனிடம் நோட்டீஸை எடுத்துக்கொண்டு போனேன்.

"இன்னா போட்டு வெச்சிக்கிற அதுல?"

"ஒண்ணுமில்ல. காலி மனை மாதிரி சும்மாதான் கிடக்குது."

"காலி மனையில எவன் இன்னா கொட்டிக்கிறான்னு போய்ப் பாத்தியா?"

கணினியை என் பக்கம் திருப்பினான். என் முகவரியில் சமையல் எண்ணெய் விளம்பரங்கள் வரிசையாக நின்றன. காலியாகக் கிடக்கும் பக்கங்களில், பதிவு செய்து கொடுத்த நிறுவனமே விளம்பரம் போட்டுவிடுமாம். எட்டு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட அதைத் திறந்து பார்த்ததில்லை.

"இத்த வெச்சிதான் உன்ன மாட்டுவான். அவன் பேர்ல எண்ணெ யாவாரம் பண்றேன்னுவான். மொதல்ல இத நிறுத்தச் சொல்லு. அப்பறம், இது ஊரே பேசுற பேருன்னு எழுத்துல காட்டணும். 2001க்கு முன்னாடி தேதி போட்டு."

விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி அங்கிருந்தே எழுதிவிட்டு, தேதிதானே என்று தைரியமாகத் திரும்பினேன். நோட்டுகளைக் கூடத்தில் பரப்பினேன். பக்கத்துக்குப் பக்கம் 'நிலக்கடலை' என்றே இருந்தது. கமிட்டிச் சீட்டுகளில் 'மணிலா'. கல்யாணச் சாமான் பட்டியலில் 'வேர்க்கடலை'. வாயில் மல்லாட்டை, பேனா எடுத்தால் வேறொன்று. இதுதான் எங்கள் ஊர் வழக்கம். படித்தவர்கள் என்று காட்டிக்கொள்ள, நாள் முழுக்கப் பேசும் சொல்லைக் காகிதத்தில் ஏறவிடாமல் வைத்திருந்தோம். நானும் அப்படித்தான் பத்தொன்பது ஆண்டுகள் எழுதியிருக்கிறேன்.

"இன்னாத்தத் தேடிக்கினு இருக்கீங்க?" என்றாள் மனைவி. சொன்னேன்.

"நான் எழுதுன சீட்டெல்லாம் இருக்கா, கடாசிட்டீங்களா?"

அவளுடைய மளிகைச் சீட்டுகள். அவள் தேதி போடமாட்டாள். நான் சிவப்பு மையில் தேதி எழுதிக் கம்பியில் குத்தி, வருடக் கடைசியில் கட்டிப் பரணில் வைப்பேன். இறக்கி அவிழ்த்தேன். 1996 கட்டில் முதல் சீட்டிலேயே 'மல்லாட்டை ரெண்டு படி'. அந்தச் சொல்லைச் சிவப்பால் அடித்து, மேலே 'நிலக்கடலை' என்று திருத்தியிருந்தேன். அடுத்த சீட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். அவள் ஒருமுறைகூடத் திருத்திக்கொள்ளவில்லை; நானும் அடிப்பதை நிறுத்தவில்லை. என் கையெழுத்தையே பார்க்கக் கூசியது.

தோழன் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிச் சிரித்தான். "தங்கச்சி மல்லாட்டைன்னு எழுதிக்குது. நீ அதுக்கு அர்த்தமும் எழுதி, தேதியும் போட்டு வெச்சிக்கிற. இதுக்கு மேல இன்னா வேணும்?"

நகல்களோடு பதில் போனது. அந்தப் பக்கமிருந்து பிறகு ஒரு கடிதமும் இல்லை.

"மறுபடியும் சும்மா போட்டு வெக்காத. எதையாவது ஏத்து" என்று தோழன் எச்சரித்திருந்தான். அந்த 1996 சீட்டை ஸ்கேன் செய்து முதல் பக்கமாக ஏற்றினேன். மனைவி திரையருகே குனிந்து பார்த்தாள்.

"நீங்க அடிச்ச கோடும் எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.