அப்பாவுக்கு மட்டும் ஒரு விதி

பெங்களூரில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைப் பிரிவில் எனக்கு வேலை. எங்கள் பங்குக் கோயிலின் மாதர் சங்கம் சில மாணவிகளுக்குக் கட்டணம் கட்டுகிறது. சங்கத்தின் சார்பில் நேர்காணலுக்கு ஓர் அம்மாள் வருவார். வெளிர்நிறக் காட்டன் புடவை, கையில் ஜெபமாலை. மாணவி உள்ளே வந்ததும், எதிரே கிடக்கும் நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டு உட்காரச் சொல்வார்.

போன வருடம் ஹெப்பகோடியிலிருந்து வந்த பெண்ணிடம் அவர் மார்க்கைப் பற்றிக் கேட்கவேயில்லை.

"வீட்ல மாப்பிள்ளை பாக்குறாங்களாம்மா?"

அவள் தலையாட்டினாள்.

"படிப்ப நடுவுல நிறுத்தினா மொத்த ஃபீஸையும் திருப்பிக் கட்டணும்னு ரூல் இருக்கு. அப்பாகிட்ட சொல்லு."

அவள் போனதும், "அப்படி ரூல் எதுவும் இல்லையே மேடம்?" என்றேன்.

"அவளுக்கு இல்ல சார். அவங்க அப்பாவுக்கு இருக்கு."

மறுவாரமே அந்த அப்பா என் மேஜை முன்னால் வந்து நின்றார். "நிஜமா சார்? திருப்பிக் கட்டணுமா?"

"ஆமாம்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அந்தப் பெண் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்த அம்மாள் தினமும் பூசைக்குப் போகிறவர். இந்தப் பொய்யைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருப்பாரா, தெரியவில்லை. நான் சொல்லவில்லை.