மாமா பார்த்த பிராக்

எனக்குக் காது குத்தியது ஒன்பது வயதில். அதுவரை தள்ளிப்போட்டதற்கு ஒரே காரணம், என்னை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமா பிராக் நகரத்தில் இருந்தார். செக் நாட்டின் தலைநகரம் அது. அங்கே ஒரு இந்திய ஓட்டலில் சமையல் வேலை. "அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேங்க்கா" என்று அம்மாவிடம் ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா வரவில்லை, படங்கள் வந்தன. காதுகுத்துக்கு முந்தைய சில மாதங்கள், ஞாயிறு தவறாமல் அம்மாவின் செல்போனில் ஒன்று வந்து விழும். ஒரு வாரம் ஆற்றின் மேல் கல்பாலம், இரண்டு பக்கமும் முப்பது சிலைகள். அடுத்த வாரம் பழைய மணிக்கூண்டு. மணியடிக்கும்போது மேலே ஜன்னல் திறந்து பொம்மைகள் வரிசையாக வந்து போகுமாம். பிறகு மேட்டின் மேல் கோட்டை. தியாகதுருகம் கோட்டையை மட்டுமே பார்த்திருந்த எனக்கு, இடியாத கோட்டை என்று ஒன்று இருப்பதே அதிசயமாக இருந்தது. ஒவ்வொரு படத்திலும் மாமா வேறு வேறு சட்டையில் சிரித்துக்கொண்டு நிற்பார்.

அப்பாவின் அக்காவான அத்தைக்கு அந்தப் படங்களைக் கண்டாலே ஆகாது.

"வாராவாரம் ஊரு சுத்த நேரம் கீது. அக்கா பொண்ணுக்கு மடி குடுக்க மட்டும் நேரம் இல்லியா உன் தம்பிக்கு?" என்பார்.

அம்மா செல்போனை அணைத்து வைத்துவிடுவாள். புகுந்த வீட்டில் தம்பிக்கு என்ன மரியாதையோ அதுதான் அவளுக்கும்.

இனியும் தள்ள முடியாது என்று அப்பா நாள் குறித்துவிட்டார். மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒன்றுவிட்ட மாமா ஒருவர் மடி கொடுக்க ஒத்துக்கொண்டார். மடிதான் வேறொருவருடையது, முகமாவது தம்பியுடையதாக இருக்கட்டும் என்று அம்மா சங்கராபுரத்தில் சொல்லி ஒரு பெரிய பேனர் அடித்து வாங்கினாள். பாலம், மணிக்கூண்டு, கோட்டை எல்லாவற்றிலும் மாமா. மண்டப வாசலில் அதைக் கட்டியதும், உள்ளே போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக விளக்கினாள்.

"இந்தச் செலைய தொட்டா, மறுபடியும் அந்த ஊருக்கே வருவாங்களாம் அண்ணி."

"அத இன்னாத்துக்குத் தொட்டான்?" என்றார் அத்தை. "நம்மூருக்குத் திரும்பி வர்றதுக்கு ஒரு செல இருந்தா தேடிப் புடிச்சித் தொடச் சொல்லு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பந்தியைப் பார்க்கிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

நான் பேனரையே பார்த்துக்கொண்டு நின்றேன். செல்போனில் தெரியாதது அத்தனை பெரிய படத்தில் தெரிந்தது. சிலையைத் தொட்ட கையின் கட்டைவிரலில் பிளாஸ்திரி. ஓரத்தில் சமையல் மஞ்சளின் கறை. மணிக்கூண்டுப் படத்திலும் அதே பிளாஸ்திரி, அதே கறை. கோட்டையிலும் அதேதான். சட்டைகள் மட்டும்தான் வேறு. மாமா எல்லாரையும் ஏமாற்றியிருக்கிறார், அதைக் கண்டுபிடித்தது நான்! சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. மாமாவைப் பற்றிக் குறை சொன்னால் கேட்டுச் சந்தோஷப்பட அத்தையைத் தவிர யார் இருக்கிறார்கள்?

"அத்த, மாமா வாராவாரம் ஒண்ணும் சுத்தல. ஊரு சுத்துனதே ஒரே ஒரு நாளுதான், எல்லாமே அன்னிக்கு எடுத்தது. சட்டய மாத்தி மாத்திப் போட்டுக்கினு எடுத்துக்கீறாரு. வெரலப் பாருங்க."

அத்தை கிட்டே போய்ப் பார்த்தார். ஒவ்வொரு படத்திலும் விரலைப் பார்த்தார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். அப்படி அவர் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வேற வேற நாளுதான். உங்கம்மா கிட்ட போயி ஒளறிக்கினு இருக்காத" என்றார்.

அதற்குள் மூங்கில்துறைப்பட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். அம்மா வாசலுக்கு ஓடி வருவதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"வாங்க, வாங்க! இதான் எங்க சம்பந்தி வூட்டுப் புள்ள இருக்கிற ஊரு. பாலத்தப் பாத்தீங்களா, முப்பது செல! அந்தக் கோட்டையில ராஜாவே நேர்ல கூப்ட்டு விருந்து வெச்சாராம். நல்லா கீறான், ஒரு கொறையும் இல்ல."

ராஜா, விருந்து எல்லாம் அத்தையின் சொந்தச் சரக்கு. அம்மா இலையும் கையுமாக நின்று அத்தையையே பார்த்தாள்.

அத்தைக்குக் கண் மங்கிவிட்டது, அதனால்தான் பிளாஸ்திரி தெரியவில்லை என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.